போர்வையில் வந்த வெளிநாட்டுக்காரி

கொசுவைக் கொன்றால் ஒன்றும் தராமல், உயிரோடு பிடித்து வந்தால் மட்டும் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் எங்களுடையது. எண்பதுகளின் கடைசியில், பூந்தமல்லியில் ஒரு கொசு ஆய்வு அலுவலகத்தில் பூச்சி சேகரிப்பவளாக இருந்தேன். கொசுவத்தியை ஏற்றிவிட்டு இருமிக்கொண்டே தூங்கும் அன்பர்களே, நம் எதிரியைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்கிறேன்.

உறிஞ்சுகிற வேலை

எங்கள் ஆயுதம் ஒரு கண்ணாடிக் குழாய், அதன் பின்னால் ஒரு ரப்பர் டியூப். கொசு உட்கார்ந்திருக்கும் இடத்தில் குழாயை வைத்து, டியூபை வாயால் மெல்ல உறிஞ்சினால் கொசு குழாய்க்குள் போய்விடும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்கு வராது. ஆனால் பார்க்கிறவர்கள் அதை நம்பவேண்டுமே!

குமணன்சாவடியில் ஒரு வீட்டுக் கட்டிலடியில் புகுந்து உறிஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கென்று டீ போட்டுக்கொண்டு வந்த வீட்டுக்கார அம்மாள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு டம்ளரை எங்கள் ஜீப் டிரைவரிடம் நீட்டினார்: "அந்தம்மாவுக்குக் கொசுவுலயே வவுறு ரொம்பிகீது. டீய நீ குடி நைனா."

யாருடைய இறக்கை?

சென்னீர்குப்பத்தில் ஒரு வீட்டுக் குளியலறையில் பிடித்த கொசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதுகில் வெள்ளிக் கோடு ஒன்று நெற்றியிலிருந்து வால்நுனிவரை ஓடியது. எனக்குத் தெரிந்த எந்தக் கொசுவுக்கும் அப்படி ஒரு கோடு கிடையாது.

எங்கள் அதிகாரி டாக்டர் சுகுமாரனிடம் காட்டினேன். பூச்சியியலில் கரை கண்டவர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். தடித்த புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, அந்தக் கொசுவின் ஒவ்வொரு ரோமமாகச் சரிபார்த்தார். அவருடைய மத்தியானச் சாப்பாடு மூடியபடியே ஆறிப்போயிற்று. கிழக்கே கடல் தாண்டி, தீவு நாடுகளின் காடுகளில் மரப்பொந்துத் தண்ணீரில் வளர்கிற இனமாம் அது. நாலு தெரு தாண்டிப் பறப்பதே அதற்குப் பெரிய பாடு. இங்கே குடியேறிப் பெருகிவிட்டால் பிறகு விரட்ட முடியாது. நாம் பார்த்தறியாத காய்ச்சலுக்கும் கதவு திறந்துவிடும்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "செண்பகம், இது சொந்த இறக்கையில வரல. யாரோட இறக்கையில வந்துச்சுன்னு கண்டுபிடிங்க."

பயணி

அந்தக் கொசு கிடைத்த வீட்டிலிருந்து நாலு பக்கமும் வீடுவீடாகத் தேடினோம். நெடுஞ்சாலைப் பக்கம் ஒன்றும் இல்லை. பின்தெருவுக்குள் போகப்போக அதிகமாகக் கிடைத்தது. தெருக்கோடியில் பஷீர் பாயின் சலவைக்கூடம். அதன் கொல்லையில் கைவிட்ட சிமெண்டுத் தொட்டி ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கி, கொசுப்புழு நெளிந்தது. கூடத்துக்குள் எட்டிப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. வெளிநாட்டு விமானங்களில் பயணிகள் போர்த்திக்கொள்ளும் போர்வைகள் மூட்டை மூட்டையாக மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

ஒரு பெரிய கொசுவலையைக் கட்டி, மூட்டைகளோடு நான் உள்ளே உட்கார்ந்து, போர்வைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். துவைக்கிற பெண்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். வெறும் போர்வை, வெறும் போர்வை, வெறும் போர்வை. பிறகு ஒரு நீலப் போர்வையின் மடிப்பிலிருந்து ஒன்று எழும்பி வலையில் உட்கார்ந்தது. முதுகில் அதே வெள்ளிக் கோடு.

குழாயை எடுக்கவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு விட்டால் பறந்துபோகிற உடம்பு. யாருடைய முழங்கால் சூட்டிலோ ஒட்டிக்கொண்டு, மேகத்துக்கு மேலே, ஒரு கடலையே தாண்டி வந்திருக்கிறது! சிரிப்பு நின்றுவிட்டது. துவைக்கிற கன்னியம்மா வலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு சொன்னாள்: "நான் பல்லாவரமே தாண்டுனதில்ல. இது ஏரோப்ளேன்ல வந்துகீது, அதுவும் போத்திகினு!"

பாஸ்போர்ட்

விஷயம் தெரிந்ததும் பஷீர் பாய் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். "கூடத்தை மூடிடுவாங்களாம்மா? இத்தனை பொம்பளைங்களை எங்கே போகச் சொல்வேன்?" என்றார். டாக்டரே நேரில் வந்தார். தண்ணீரை இறைத்துக் கொட்டினால் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்கு உயிர்த்துவிடும் என்றார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மண் போட்டு மூடினோம். மூட்டைகளை இனி வலை அடித்த அறையில் மருந்து தெளித்த பிறகே பிரிக்கவேண்டும். கூடத்தை மூட வேண்டியதில்லை என்றார் டாக்டர். கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைக்காலம் முழுவதும் அந்தத் தெருக்களில் அலைந்தோம். வெள்ளிக் கோடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதைச் சொல்லப் போனபோது பஷீர் பாய், மண் மூடிய தொட்டியைக் காலால் தட்டிக் காட்டினார். "எறும்பு சைஸு கூட இல்ல. வெளிநாட்டுல இருந்து வந்து, என் தொட்டியில குடும்பமே நடத்தியிருக்கு. ஹஜ்ஜுக்குப் போகணும்னு கேட்ட எனக்குத்தான் இன்னும் பாஸ்போர்ட் வரல."

கடல் தாண்டிக் கொசு வந்த வழியைக் கண்டுபிடித்த எனக்கு, என் வீட்டுக் கொசுவலைக்குள் தினமும் ஒன்று எந்த வழியாக நுழைகிறது என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.