பூதிகோட்டைக் கிணற்றுக்குக் கரி

கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது சுலபம். தெளிந்த தண்ணீருக்குள் விஷம் இருக்கிறது என்று ஒருவரை நம்ப வைப்பதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு. கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்றுப் பிழைக்கிற இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளே, என் துக்கம் உங்களுக்குத்தான் புரியும். நான் கெமிஸ்ட்ரி படித்தவள், வீடு கோரமண்டல் என்ற சுரங்கக் குடியிருப்பில். மாரிகுப்பத்தில் ஒரு பழைய ஷெட்டில் நானும் வெல்டர் முனுசாமி அண்ணனும் வேர்க்கடலைத் தோலையும் கொட்டாங்குச்சியையும் காற்றுப் படாமல் சுட்டு, நீராவி விட்டு, கரியாக்குகிறோம். தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும்.

பக்கத்து வீடு

புகை எங்கே போகும் என்று ஆரம்பத்தில் நாங்கள் யோசிக்கவில்லை. அது நேராகப் பக்கத்து வீட்டு ராஜம்மாவின் ஜன்னலுக்குப் போனது. அவர் புருஷன் தங்கச் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கி வேலை பார்த்து, கல் தூசியில் நுரையீரல் கெட்டு இறந்தவர். அந்தம்மா சண்டை போட வரவில்லை. உலையைப் பார்த்தபடி நின்றார். "விவசாயிங்களுக்கு நல்ல தண்ணி கிடைக்கும்மா" என்று விளக்கினேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டார். புகையை உலைக்கே திருப்பிவிடும் குழாயை அண்ணன் வெல்டு பண்ணி முடிக்கிறவரை நாங்கள் நெருப்பு மூட்டாததற்குக் காரணம் அந்தக் கேள்விதான்:

"இன்னாம்மா இது, அவங்க குடிக்கிறதுக்கு நாங்க இருமணுமா?"

ஒரு டம்ளர்

பூதிகோட்டைப் பக்கம் நாராயணப்பாவுக்குத் தக்காளித் தோட்டம், நடுவில் கிணறு. அந்தத் தண்ணீரைப் பரிசோதித்ததில் பூச்சிமருந்து இருந்தது. சொல்லப் போனேன். அவர் கண்ணாடி டம்ளரில் மொண்டு, வெயிலில் தூக்கிக் காட்டி, என் கண்ணெதிரே மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நோடி மேடம், நல்லாப் பாருங்க, ஸ்படிகம் மாதிரி இருக்குது. செடிக்கு அடிச்சது செடியிலதான் இருக்கும், கிணத்துக்கு எப்படி வரும்?"

புழு

அவர் மனைவி லட்சுமம்மா பட்டுப்புழு வளர்த்தார். மல்பெரி இலை வாடாமலிருக்க அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் தெளிப்பார். புழு கூடு கட்டப்போகிற சமயத்தில் ஒரு காலை அவரிடமிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால், தட்டுத் தட்டாகப் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு பச்சையாகக் கக்குகின்றன. புழு இலை தின்னும் சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும். மதியத்துக்குள் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. நாராயணப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். லட்சுமம்மாதான் எழுந்து வந்தார்.

"நாங்க எப்படியோ குடிச்சுக்கறோம் மேடம், புழுவுக்கு மட்டும் உங்க ஃபில்டரை வெச்சுக் குடுங்க."

பல்பொடி

ஒரு டிரம்மில் கரியை நிரப்பி வைத்துக் கொடுத்தோம். அடுத்த முறை புழு நன்றாகவே கூடு கட்டியது. ஆனால் கரி, விஷத்தைப் பிடிக்கப் பிடிக்க நிறைந்துபோகும்; மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றப் போன அன்று, பழைய கரியை மூட்டையாக மாட்டுக்கொட்டகை ஓரம் வைத்துவிட்டுப் புதியதை டிரம்மில் கொட்டிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால், நாராயணப்பாவின் அண்ணன் கிட்டப்பா அதில் ஒரு பிடி அள்ளி, உப்புச் சேர்த்துப் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! முனுசாமி அண்ணன் பாய்ந்து அவர் தாடையைப் பிடித்துத் துப்ப வைத்து, சொம்பு சொம்பாகக் கொப்பளிக்க வைத்தார். நான் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன். கிட்டப்பாவுக்கோ கோபம்.

"விஷத்தை இழுக்கிற கரின்னு நீங்கதானே சொன்னீங்க, என் பல்லுல இருக்கறதையும் இழுக்கட்டுமேன்னு பார்த்தேன்!"

மருந்து

அந்தக் கோடையில் தக்காளிக்கு நோய் விழுந்தது. முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் எதிர்க்காற்றில் மருந்து அடித்துக்கொண்டிருந்த நாராயணப்பா பாத்தியிலேயே சாய்ந்தார். லட்சுமம்மா எனக்குத்தான் போன் பண்ணினார். "மருந்து உள்ள போயிடுச்சு மேடம், உங்க கரியைக் கொண்டாங்க!" என்று கதறினார். "கரி இதுக்கு ஆவாதும்மா! சட்டையைக் கழட்டி உடம்பைக் கழுவுங்க, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று நானும் கத்தினேன். சொன்னபடி எல்லாம் செய்தார்கள். நானும் அண்ணனும் பங்காரப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வராந்தாவில் அவரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் போனேன். வீட்டில் யாரும் இல்லை. தோட்டத்தில் கிட்டப்பா ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார். லட்சுமம்மா வாளியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இந்த முறை மூக்கை மூடித் துணி கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் துணிக்குப் பின்னாலிருந்து லட்சுமம்மாவேதான் சொன்னார்:

"செடிக்குத் தெரியுமா மேடம், இந்த வீட்டுல சாவு விழுந்துச்சுன்னு?"

எங்கள் கரி வியாபாரம் இன்றைக்கு நன்றாகவே நடக்கிறது, பூச்சிமருந்துக்கடை வியாபாரம் அதைவிட நன்றாக நடப்பதால்.