தூறலில் வெளுத்த சேணம்

நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல முதன்முதலாகக் குதிரை வாங்கினோம். அது வருமுன்பே கடைத்தெரு வியாபாரி ஒருவரிடம் பழைய சேணமொன்றை வாங்கி வைத்தது நான்தான். குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கும் வயிற்றுவார் புதிதுபோல் கரும்பழுப்பாய் மின்னியது.

முதல் நாள் என் கணவர் ஏறியதும் தூறல் பிடித்தது. வெள்ளைக் குதிரையின் வயிற்றில் பழுப்புநீர் வழிந்தது. தொட்டு முகர்ந்தேன். தேயிலைச் சாயம்! வாரிலிருந்த வெடிப்பை மறைக்க அதைப் பூசி, தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் என்னையே ஏமாற்றியிருக்கிறார் வியாபாரி. நான் கத்துவதற்குள் வார் அறுந்தது. விழுந்த கணவரின் தலை கல்லில் மோதாமல் தப்பியது தெய்வச் செயல்.

அறுந்த வாரை முடிச்சுப் போட்டுக் கட்டி, குதிரையை நேரே அந்த வியாபாரியின் கடைவாசலுக்குக் கொண்டுபோனேன். கூட்டம் கூடியது.

"ஏறுங்கண்ணே, ஒரு சுத்து போயிட்டு வாங்க."

"வேணாம் தங்கச்சி, விழுந்துருவேன்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு விழலாமா?"

இப்போது எந்த வாரையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தே வாங்குகிறேன். அறுந்த அந்த வாரை வியாபாரியின் கடைக்கு எதிரே தொங்கவிட்டிருக்கிறேன். மழை பெய்தால் இன்னும் சாயம் வடிகிறது.