விஞ்சியது யார்?

இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு எரிகிறது.

அறுபத்தைந்தில் சண்டை நடந்தபோது, தாராவியில் எங்கள் வாசலில் என் வீட்டுக்காரர் தினமும் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். "எதிரித் தளபதியை நம்ம தளபதி விஞ்சிட்டார்" என்றார் ஒருநாள்.

"விஞ்சுறதுன்னா ஜெயிக்கதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"ஜெயிக்கது வேறட்டி. ஆளு கம்மின்னாலும், அவன் அடுத்து எங்க கால் வைப்பான்னு பாத்து, அங்க நம்மாளை முன்னாலயே நிறுத்தணும். படை நடத்துறதுல அவனைத் தாண்டணும். ஒனக்கு எதுக்கு? கஞ்சிய வை."

அப்போது எங்களுக்குத் தண்ணீர்தான் சண்டை. சாராயம் காய்ச்சும் தாதாவின் ஆட்கள் விடியுமுன்பே குழாயடியில் டிரம்களை வரிசை போட்டுவிடுவார்கள். அவை நிரம்புவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். எங்கள் பிள்ளைகள் முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் போகும்.

குழாயடியில் மல்லுக்கட்டி ஆகாது. நிரம்பிய டிரம் எங்கள் ஒற்றையடிச் சந்து வழியாகத்தான் போயாக வேண்டும். மெயின் ரோட்டில் போலீஸ் சௌக்கி. டிரம்மெல்லாம் சாராய நாற்றம்; அந்த வழியாகக் கொண்டுபோக முடியாது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பக்கத்து வீட்டு மயினியின் காதில் என் யோசனையைச் சொன்னேன். அவள் பெண்களைத் திரட்டினாள். மறுநாள் சந்து நெடுக உட்கார்ந்து தலை வாரினோம்.

"ஹடோ! ஹடோ!" என்று வழிவிடச் சொல்லிக் கத்தினார்கள் தாதாவின் ஆட்கள்.

"ஏன்டே, ஒன் டிரம்முக்குப் பறக்கத் தெரியாதோ?" என்றாள் மயினி.

வெயில் ஏறியது. கடைசியில், முதலில் குடம், பிறகுதான் டிரம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஆண்கள் வந்து என் வீட்டுக்காரரின் முதுகில் தட்டினார்கள். "தாதாவையே விஞ்சிட்டீரே, வே! தளபதிதான்!" அவர் மீசையைத் தடவிக்கொண்டார். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, நாங்கள் சந்தில் கிடந்த நேரம் முழுக்கத் தூங்கியவர் அவர். நான் டீயை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். தளபதி தாதாவிடம் போய்ச் சமாதானம் பேசி, டிரம்தான் முதலில் என்று கைகுலுக்கிவிட்டு வந்தார்.

மறுநாளும் சீப்போடு சந்தில் உட்கார்ந்தேன். மயினியும் மற்றவர்களும் வந்தார்கள்.

"எந்திரிட்டி, பேசி முடிச்சாச்சு" என்றார்.

"எங்ககிட்ட யாரும் பேசலியே" என்றேன். நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அவருக்குப் பின்னால் நிரம்பிய டிரம்கள் நின்றன. நான் தலையைக் குனிந்துகொண்டு மகளுக்குப் பேன் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.