பிலவேந்திரன் விசாரித்தால் தங்கம்

சங்கராபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிலவேந்திரனுக்கு ஒரு தனிப் புகழ் உண்டு. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும், மாப்பிள்ளையை விசாரிக்க அவரைத்தான் அனுப்புவார்கள். ஐயா வெள்ளையும் சொள்ளையுமாகக் கிளம்பிப் போய், மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனை டீக்கடையில் உட்காருவார். "பையன் தங்கமான பையனாமே, அப்படிங்களா?" என்று கேட்பார். கேள்வியிலேயே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் எவன் மறுத்து வாயைத் திறப்பான்? அடுத்தவன் வீட்டு நல்ல காரியத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று, "தங்கம்ங்க" என்பான். விசாரணை முடிந்தது. துப்பறியும் இலாகாவெல்லாம் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இந்த வருஷம் அவருடைய மகள் நான்சிக்கே வரன் அமைந்தது. நைனார்பாளையத்துப் பையன், பெங்களூரில் வேலை. விசாரித்தது யார் என்று கேட்கவும் வேண்டுமா? வருகிற ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மாதா கோயிலில் அறிவிப்பார்களே, அதுதான்.

"ப்பா, ராத்திரில போன் பண்ணா அவரு எடுக்கவே மாட்டேங்கறாரு. லீவு நாள்லயும் எடுக்கல. எனக்கு ஒருமாதிரியா கீது" என்று நான்சி சொல்லிப் பார்த்தாள்.

"அதான் நான் விசாரிச்சிட்டேன்ல?" என்றார் பிலவேந்திரன். அந்த வீட்டில் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கடைக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் பிரிண்ட் எடுப்பதற்குள் வந்த ஆள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கடையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்கும் நான்சி, எது இப்படி இழுக்கிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தாள். வின்ஹோஸ்ட் என்று ஒரு ஃபைல், கேள்வி கேட்பார் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது விண்டோஸோட ஃபைலா, வேற எதனாவான்னு தெரியல. கொஞ்சம் இரு, பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

"நீ சும்மா இரு, நான் விசாரிச்சிக்கினு வரேன்."

ஆமாம், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபைலை விசாரிக்க மனுஷன் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். திரையை செல்போனில் படம் பிடித்து எடுத்துக்கொண்டார், பெண் பார்க்க போட்டோ கொண்டு போகிற மாதிரி.

முதலில் கம்ப்யூட்டர் மெக்கானிக் சுபாஷ். "தம்பி, இது விண்டோஸோட சொந்த ஃபைலுதான? ஒண்ணும் பயம் இல்லியே?" சுபாஷ் படத்தைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். "நல்ல ஃபைலுண்ணா, வுடுங்க" என்றான். அடுத்து உரக்கடை வெற்றிவேல். அவர் கடையிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அந்த ஒரு தகுதி போதாதா? அவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, பேரைப் பார்த்தாலே நல்ல இடமாகத் தெரிகிறது என்று சான்றிதழ் கொடுத்தார். பிலவேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

அதற்குள் நான்சி தெருவில் இறங்காமலேயே வேலையை முடித்திருந்தாள். அந்த ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, அது எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தாள். விண்டோஸ் ஃபைலென்றால் சிஸ்டம் ஃபோல்டரில் அல்லவா இருக்க வேண்டும்? இதுவோ தற்காலிக ஃபைல்களின் குப்பைக்குள் ஒளிந்திருந்தது. தயாரித்த கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள். கிடையாது. பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும் இணையதளத்தில் ஏற்றினாள். வரிசையாகச் சிவப்பு. போன மாதம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அப்பா இறக்கிய கல்யாணப் பத்திரிகை டிசைன்களோடு ஒட்டிக்கொண்டு வந்த திருட்டு நாய் அது. நெட் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

"ஊர் சனத்தோட ஆதார் காப்பியெல்லாம் இதுலதான்ப்பா கீது!"

பிலவேந்திரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுபாஷைப் போனில் பிடித்தார். "ஏன்டா, வைரஸைப் போயி நல்ல ஃபைலுன்னு சொன்னியே, தெரியாதா உனக்கு?"

"எனக்கு அப்பவே டவுட்டுதாண்ணா. நீங்கதான் நல்ல ஃபைலுன்னு சொல்லணும்னே வந்து கேட்டீங்க. உங்க மனசை ஏன் கஷ்டப்படுத்தணும்னு வுட்டுட்டேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ப்பா" என்றாள். "அவரைப் பத்தி நீ யாரைக் கேட்ட?"

"அவங்க தெருவுல டீக்கடைல... அவங்க சித்தப்பாகிட்ட..."

"பெங்களூர்ல எங்க தங்கி கீறாரு, யாரு கூட கீறாருன்னு பாத்தியா?"

பிலவேந்திரன் அதைக் கேட்டிருக்கவே இல்லை. பெற்ற மகளின் வாழ்க்கையை ஒரு டீ செலவில் முடித்துவிட்டோமே என்று முதல் தடவையாகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனார். சாமியாருக்கு ஒத்தாசையாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார், ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டிய அறிவிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்.

"நான்சி ஓலையை இந்த வாரம் படிக்க வேணாங்க. பையனை இன்னொரு தபா விசாரிக்கணும்."

உபதேசியார் பேனாவை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா! அந்தப் பையனுக்கு பெங்களூர்ல பொண்டாட்டி, கொழந்த கீதுன்னு எங்க மச்சான் சொல்லிக்கினு இருந்தான்ப்பா. நீ அவ்ளோ சந்தோஷமா வந்து ஓலை குடுத்தியா, எனக்குச் சொல்ல வாய் வரல. பூசையில படிச்சா எவனாவது எழுந்து சொல்லுவான்னு இருந்தேன்."

பிலவேந்திரன் அந்தப் பேனாவை எடுத்து, அறிவிப்பில் நான்சி பேரைத் தானே அடித்தார்.

"எவனும் சொல்லலன்னா?"

"அப்புறம் இன்னா, கல்யாணம்தான்" என்றார் உபதேசியார்.