ஷெட்டில் நின்ற கண்டம்

எங்கள் வீட்டு ஷெட்டில் நின்ற மினி லாரிக்கு அடியில்தான் என் உயிர் போகப்போகிறது என்று ஒரு கோடையிலிருந்து ஆயுத பூஜை வரை நம்பினேன். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கிற அளவுக்கு நம்பினேன். இடுப்பில் தாயத்து, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, தலையில் ஹெல்மெட். மேலே இருக்கிற இரும்பு மொத்தமும் நெஞ்சில் இறங்கினால் இந்த மூன்றும் சேர்ந்து என்னைக் காப்பாற்றிவிடும் என்பது என் கணக்கு. ஐம்பது வயதைத் தாண்டியவன் போட்ட கணக்கு.

வண்டி அப்பாவுடையது. பந்தல் சாமானும் அண்டா குண்டாவும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்தைச் சுற்றி இருக்கிற அத்தனை கல்யாண மண்டபத்துக்கும் ஓடியது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரே மூழ்கியபோது ஸ்டியரிங் வரை தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகு ஷெட்டை விட்டு நகரவில்லை. நாங்கள் அதன் மேல் ஈரத்துணி காயப்போட்டோம். உள்ளே பூனை குட்டி போட்டது. அப்பா அதை விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. நான்தான் நாவலூரில் பெரிய ஆபீஸில் பெரிய ஆளாக இருந்தேனே.

அந்த ஆபீஸில் ஒருநாள் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். பாட்டிலை மட்டும் மறக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

செய்தி தெரிந்த மறுநாளே மச்சான் வந்துவிட்டான். என் மனைவியின் தம்பி. படப்பையில் டைல்ஸ் கோடவுன் வைத்திருக்கிறான். துக்க வீட்டுக்கு வருகிறவன் மாதிரி செருப்பை ஓசைப்படாமல் கழற்றினான்.

"மாமா, கேட்ல நிக்க நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேணும். உள்ள வர்ற லாரிய எண்ணணும், அவ்ளோதான். பத்து வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும்."

"பத்துக்கு மேல வந்தா?"

"என்னைக் கூப்பிடுங்க."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அது ஜோக் இல்லை என்று புரிந்தது. அந்தப் பதற்றத்தில், ஷெட்டைக் காட்டி, அந்த வண்டியைத் தயார் செய்து நானே தொழில் பண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சுற்றிலும் இத்தனை அடுக்குமாடி வந்துவிட்டது, மாதாமாதம் யாராவது வீடு மாறுகிறார்கள், சாமான் ஏற்ற வண்டி வேண்டும் அல்லவா. சொல்லி முடித்ததும் எனக்கே அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் கால் மாறாமல் வைக்கத் தெரியும், அவ்வளவுதான் எனக்கும் லாரிக்கும் உள்ள சம்பந்தம்.

மனைவி ஒரே நிபந்தனை போட்டாள். "ஆயுத பூஜைக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டணும். தாண்டலைன்னா பேசாம தம்பிகிட்ட போயிடுங்க."

ஆக, வண்டி ஓடினால் நான் முதலாளி. ஓடாவிட்டால் மச்சான் கோடவுனில் வாசல்காரன்.

இனி அப்பா. ஊரில் அவர் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். நான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, "கீழ விழறதுக்கு எதுக்குடா பெட்ரோலு" என்று கேட்டவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையையும் அந்த வாயையும் எடுத்துக்கொண்டது. இரண்டு வார்த்தைகள் மிஞ்சின. ஒன்று காபி. இன்னொன்று போடா. பிடித்ததெல்லாம் காபி. நானெல்லாம் போடா.

வண்டி மேல் கிடந்த தார்ப்பாயை நான் உருவிய அன்று அவர் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல கையைத் தூக்கி வண்டியைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். தெளிவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"கண்டம்."

மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவர் வாயில் ஒரு புது வார்த்தை வந்திருக்கிறது. வந்ததற்குச் சந்தோஷப்படுவதா, வந்த வார்த்தையைக் கேட்டு ஒப்பாரி வைப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

படப்பையில் ஒரு ஜோசியரிடம் போனேன். கட்டத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, எதற்காக வந்தீர்கள் என்றார். வாகனத்தில் எனக்குக் கண்டம் இருக்கிறதாமே, அப்பா சொல்கிறார் என்றேன். அவர் மறுபடி கட்டத்தைப் பார்த்தார். இப்போது அது இருந்தது. "பெத்தவர் வாக்கு பாருங்க, அப்படியே இங்க நிக்குது" என்றார். விடையைச் சொல்லிவிட்டு அப்புறம் கேள்வி கேட்டவன் அவர் தொழில் வாழ்க்கையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். தாயத்து அங்கே கட்டியதுதான்.

அப்படியானால் வண்டியை விட்டுத் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். வண்டிக்கு அடியில் நசுங்கிச் சாவதா, மச்சான் கேட்டில் நிற்பதா என்று ஒரு ராத்திரி புரண்டு புரண்டு யோசித்துப் பார்த்தேன். சாவது கொஞ்சம் மேலாகத் தோன்றியது.

மெக்கானிக் தாம்பரத்திலிருந்து வந்தார். பழைய டீசல் வண்டிகளோடு பேசிப் பேசிக் குரல் கட்டிப்போன ஒரு பாய். முதல் நாள் வந்ததும் குனிந்து அடியில் பார்த்தார்.

"இன்னா சார், ஹெல்மெட் போட்டுகினு படுத்துகினு கீற? ரேசுக்கா?"

"சேஃப்டி பாய்."

"நிக்கிற வண்டில ஆக்சிடெண்ட் ஆன மொத ஆளுன்னு உன் போட்டோ பேப்பர்ல வரும் சார்."

அவரிடம் கண்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் பயந்து ஓடிவிடுவார் என்று எனக்குப் பயம்; அவர் வருகிற நேரத்தில் அப்பாவையும் உள்ளே தூங்க வைத்துவிடுவோம். ஜாக்கிக்குப் பக்கத்தில் மரக்கட்டை, மரக்கட்டைக்குப் பக்கத்தில் செங்கல், செங்கல்லுக்குப் பக்கத்தில் வீட்டு ஆட்டுக்கல் என்று நான் முட்டுக் கொடுத்துக்கொண்டே போனபோது, அவர் ஓரமாக நின்று பீடி பிடித்தபடி, "வண்டி ரிப்பேர் பண்றியா சார், வூடு கட்டுறியா" என்று மட்டும் கேட்டார்.

ஒருநாள் கியர் பெட்டிக்கு அடியில் படுத்திருந்தபோது கன்னத்தில் ஏதோ பிசுபிசுவென்று சொட்டியது. ரத்தம் என்று முடிவு செய்து அலறினேன். என் ரத்தம் எதற்கு மேலேயிருந்து என் மேல் சொட்டவேண்டும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. எழுந்திருக்கப்போய் ஹெல்மெட் மேலே சேசிஸ் சட்டத்தில் இடித்து, அது என் மேல் விழுகிறது என்று நினைத்து இன்னொரு முறை அலறினேன். பக்கத்து வீட்டு அக்கா சுவர் மேல் எட்டிப் பார்த்தார். வராந்தாவிலிருந்து அப்பா நிதானமாகச் சொன்னார்.

"கண்டம்."

அன்று முழுக்க நான் ஷெட் பக்கமே போகவில்லை. காலில் ஜுரம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் வேலை நடந்தது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். இன்ஜினிலிருந்து வெள்ளத்துச் சேற்றைக் கட்டி கட்டியாக எடுத்தோம். எலி தின்ற ஒயரை எல்லாம் உருவிப் போட்டோம். டேஷ்போர்டுக்குப் பின்னால் மண் அப்பிய ஒரு பிளாஸ்டிக் கரண்டி கிடைத்தது. எந்த நிவாரணப் பொட்டலத்திலிருந்து மிதந்து வந்ததோ. கிளட்ச் பிளேட்டுக்காகவும் பிரேக் குழாய்க்காகவும் புதுப்பேட்டைக்கு நடையாய் நடந்தேன். கேபினுக்கு நீலம் அடித்தேன். என் கை உப்புத்தாள் மாதிரி ஆனது. வண்டி ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வண்டி மாதிரி ஆனது.

வண்டி தேறத் தேற அப்பாவின் சத்தம் ஏறியது. முதலில் என்னைப் பார்க்கும்போது மட்டும் சொன்னார். பிறகு சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் சொன்னார். பிறகு கைத்தடியால் நாற்காலிக் காலைத் தட்டிக்கொண்டே சொன்னார். பாய் இல்லாத நேரத்தில் நான் அவர் வாயை மூட மிக்சர் கொடுத்துப் பார்த்தேன். மென்றுகொண்டே சொன்னார்.

மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "நல்ல காரியம் நடக்கிற நேரத்துல மாமா வாயில அந்த வார்த்தை வேணாம்ங்க. மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அதனால் அவரைப் பின்னறைக்கு மாற்றினோம். அங்கே ஜன்னல் வழியாக போர் மோட்டாரும் துவைக்கிற கல்லும் தெரியும். நாற்காலியோடு தூக்கியபோது அவர் நல்ல கையால் வராந்தா கிரில்லைப் பிடித்துக்கொண்டார். பக்கவாதம் வந்தவர் என்று சொல்ல முடியாத பிடி. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். "டிரான்ஸ்ஃபர்ப்பா, ஆர்டர் மேலேர்ந்து வந்திருக்கு" என்று சிரித்தேன். டிவியைப் போட்டு சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். அதற்குப் பிறகு பகலெல்லாம் தடியால் சுவரில் இடித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த மச்சான் காதைத் தீட்டிக் கேட்டான்.

"பெரியவர் டிரம்ஸ் கத்துக்கறாரா மாமா?"

அதற்கு நானும் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள்.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்கு மாலை, சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். முதன்முதலில் வண்டி நகரும்போது அது நசுங்கவேண்டும். மச்சான் காரில் வந்து இறங்கினான். ஒரு கையில் லட்டு டப்பா. கூடவே கோடவுன் ஆட்கள் இரண்டு பேர்.

"இவங்க எதுக்கு?"

"தள்றதுக்கு மாமா."

ஓட்டுநர் இருக்கையில் நான்தான் உட்காரவேண்டும். கால் கேபின் படிவரை போனது, அதற்கு மேல் போகவில்லை. கண்டம் நடக்க இதைவிடப் பொருத்தமான நாள் ஏது. "பாய், ராசியான கை உங்களுது, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுத் துளசி மாடத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

வண்டி பிடித்தது. கரும்புகை வந்தது, இருமியது, பிறகு நின்று நிதானமாக ஓட ஆரம்பித்தது. மச்சான் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். மரியாதை. பாய் ஆக்சிலேட்டரை விட்டு சத்தத்தைத் தணித்தார். அந்த இடைவெளியில் பின்னறையிலிருந்து, டிவியையும் சாத்திய கதவையும் தாண்டி, அது வந்தது.

"கண்டம். கண்டம்."

பாய் இன்ஜினை அணைத்தார்.

"யாரு சார் அது?"

"அப்பா. உடம்பு முடியல. நீங்க எடுங்க பாய்."

"இன்னா சொல்றாரு?"

"அது ஒண்ணுமில்ல பாய்," என்றாள் மனைவி. "இவர் ஜாதகத்துல ஒரு இது."

பாய் கேபினிலிருந்து இறங்கினார். "ஜாதகமா? அக்கா, பெருசு ஜாதகம் பாக்குற ஆளா, வண்டி ஓட்டுன ஆளா? வண்டிய கண்டம் பண்ட்டேன்னு சொல்றாரா?"

எனக்கு அந்த வார்த்தை தெரியாது என்று சொல்ல முடியாது. கண்டெம்ன் என்கிற இங்கிலீஷ் வார்த்தை லாரிக்காரர்கள் வாயில் கண்டம். ஓடி முடிந்து, இனி ரோட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கின பஸ்ஸைக் கண்டம் செய்த பஸ் என்று பேப்பரிலேயே போடுவார்கள். எத்தனை முறை படித்திருக்கிறேன். அப்பா ஆயுசு முழுக்க லாரிக்காரர். எனக்கு மட்டும் ஜாதகம்தான் ஞாபகம் வந்தது, ஏனென்றால் உயிர் என்னுடையது.

பாய் தனக்குத் தெரிந்த ஆர்.டி.ஓ. ஏஜெண்டுக்கு போன் போட்டு, நம்பர் பிளேட்டைப் பார்த்துப் படித்தார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"அண்ணே, இது கேன்சல் ஆன நம்பர். வெள்ளத்துக்கு மறுவருஷமே ஓனரே சரண்டர் பண்ணிட்டாரு. சேசிஸ்ல நம்பர் இருக்கற துண்ட வெட்டி ஒப்படைச்சிருப்பாரு, பாருங்க."

பாய் என்னைப் பார்த்தார். சேசிஸில் சதுரமாக ஓர் ஓட்டை இருந்தது. துரு தின்றது என்று நினைத்து, அவர் வராத ஒருநாள் வெல்டரைக் கூட்டிவந்து தகடு வைத்து மூடி, ராவி, பெயிண்டும் அடித்திருந்தேன். துரு சதுரமாகத் தின்னுமா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

"திரும்ப எடுக்க வழி கீதா?"

"கண்டம் பண்ணா பண்ணதுதாண்ணே. செத்தவனுக்கு ரேஷன் கார்டு கேக்கறீங்க."

நான் பின்னறைக்குப் போனேன். டிவியில் யாரோ பாயசம் வைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இடித்து இடித்து சுவரில் தலை உயரத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது.

"வண்டியத்தான் சொன்னியாப்பா?"

அவர் தடியைக் கீழே வைத்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"போடா" என்றார்.

வெளியே வந்தபோது மச்சான் லட்டு டப்பாவைத் திறந்து நீட்டினான். "எடுத்துக்குங்க மாமா. நம்ம கேட்ல நாற்காலி உண்டு. அடியிலயும் படுக்க வேணாம்."

மழை தொடங்குவதற்கு முன் பழைய இரும்புக்காரர்கள் கேஸ் கட்டரோடு வந்து, வண்டியை ஷெட்டிலேயே துண்டு போட்டு எடுத்துப்போனார்கள். நீலப் பெயிண்ட் எரிந்த நாற்றம் வீட்டில் பல நாள் இருந்தது. அப்பாவை மறுபடியும் வராந்தாவுக்குக் கொண்டுவந்தோம். அவர் இப்போது எதுவும் சொல்வதில்லை, காபிகூடக் கேட்பதில்லை. நான் படப்பையில் மச்சானுடைய கோடவுனில், கேட்டில் உட்கார்ந்து உள்ளே வருகிற லாரிகளை எண்ணுகிறேன். வேலை நேரத்தில் அவனை சார் என்று கூப்பிடுகிறேன்.