ஆற்றுக்குள் வந்த திமிங்கிலத்துக்கு ஒரு நேர்த்தி

சும்மா இருப்பது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. மொன்றியல் ஆற்றுக்குள் ஒரு திமிங்கிலம் வழிதவறி வந்து நின்றபோது, எல்லோரும் என்னைச் சும்மா இருக்கத்தான் சொன்னார்கள்.

லொங்குய்யில் வேலை முடிந்ததும் மெட்ரோ பிடித்துப் பழைய துறைமுகத்துக்கு ஓடுவேன். கரை முழுக்கச் சனம். அது முதுகைக் காட்டினால் கத்துவார்கள், மூச்சு விட்டால் கைதட்டுவார்கள். எனக்கோ கைதட்ட மனம் வராது. உப்புத் தண்ணீரில் வாழ்கிற உயிர், இந்த நன்னீரில் எத்தனை நாள் தாங்கும்?

திமிங்கிலப் பாதுகாப்புக்கென்று அங்கே நின்ற பெண்ணிடம், ஏன் அதைக் கடலுக்குக் கலைத்துவிடவில்லை என்று கேட்டேன். கலைத்தால் மிரளும், கிட்டப் போகாமல் விடுவதே உதவி, அது தானாகத்தான் திரும்பவேண்டும் என்றாள். அவளுடைய நிதானம் எனக்கு எரிச்சலூட்டியது. அந்நேரம் பார்த்து இரண்டு பேர் சின்னப் படகில் அதற்குக் கிட்டப் போனார்கள்.

"டேய், அங்காலை போங்கோடா, விசருகளே!" என்று தமிழிலேயே கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்றே அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். அது சுகமாகக் கடல் சேர்ந்தால் என் உயரத்துக்கு மெழுகுதிரி.

வீட்டில் என் கணவருக்குச் சிரிப்பு. "அந்தோனியார் துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர். இது ஊரே பாக்க நிக்குது. அவருக்கு இதிலை என்னப்பா வேலை?"

"நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுங்கோ."

பிறகு ஒருநாள் அதைக் காணவில்லை. திரும்பிப் போயிருக்கும் என்று எல்லோருக்கும் சந்தோசம். "பிறகென்ன, மெழுகுதிரியை வாங்குமன்," என்றார் இவர். எனக்கு மனம் ஆறவில்லை. பஸ்ஸிலும் செய்தி பார்த்தேன், அடுப்படியிலும் செய்தி பார்த்தேன். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சட்டிக்கு முன்னால் நின்றபடியே மன்றாடினேன்.

"அந்தோனியாரே, கடல் சேந்துதோ இல்லையோ, அது எங்கை எண்டு மட்டும் காட்டித் தாரும். மெழுகுதிரி உமக்குத்தான்."

அடுத்த நாள் இவர் வேலையிலிருந்து போன் எடுத்தார். அப்படி ஒருநாளும் எடுக்காதவர்.

"இஞ்சாரும், அதைக் கண்டுபிடிச்சிட்டினமாம்."

"எங்கை?"

"ஆத்திலைதான். செத்து மிதக்குதாம். கப்பல் அடிச்சிருக்கலாம் எண்டினம்."

இனிக் கோயில் பக்கமே போவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நேர்த்தி நேர்த்திதானே. நான் கேட்டதை அவர் தந்துவிட்டார். என் உயரத்துக்கு மெழுகுதிரி செய்வித்து, காரின் பின் சீற்றைச் சாய்த்துக் கிடத்திக் கொண்டுபோனோம். வழியில் இவர் ஒரு பகிடியும் விடவில்லை. கொளுத்தும்போது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

"இப்பிடியோ காட்டுறது?" என்று அந்தோனியாரிடம் சத்தமாகவே கேட்டேன்.