ரஹீம் பாய் தேடிய பழுது

திட்டக்குடியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குச் சென்ற வாரம் ஒரு கார்டு வந்தது. கடலூர் ஓட்டுநர் சங்கத்துக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ரஹீம் பாய் மௌத்தாகிவிட்டார், நெஞ்சுவலி, ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை, சங்கத்து மலருக்கு நீங்கள் நாலு வார்த்தை நல்லதாக எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கார்டைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆறு வருஷத்துக் கோபம்தான் வந்தது.

நல்லதையும் எழுதுகிறேன், அது நிறையவே இருந்தது. ஒரு பெருநாள் அன்று தொழுதுவிட்டுப் புதுச் சட்டையோடு வந்தவர், மேல்பட்டாம்பாக்கம் சாலையில் ஒரு கல்யாண வேன் நின்றுபோயிருப்பதைப் பார்த்ததும் அதன் அடியில் போய்ப் படுத்துவிட்டார். வேன் கிளம்பியது, சட்டை பாழானது. “சட்டைய தொவச்சிக்கலாம், முகூர்த்தத்தத் தள்ளி வெக்க முடியுமா?” என்று சிரித்தார். “கெளம்பாத வண்டிகிட்ட ரெண்டே கேள்விதான் கேக்கணும். எண்ணெ வருதா? நெருப்பு வருதா?” இது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. சின்ன வயதில் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து வண்டி வேலை சொல்லிக்கொடுத்ததும் இதை வைத்துத்தான். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

எங்கள் குப்பத்து மீனை ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரே வியாபாரிதான் எடுப்பார். அவர் வைத்ததுதான் விலை. என் அம்மா சிவகாமி பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சிதம்பரம் மார்க்கெட்டில் நாமே கடை போடுவோம் என்று இறங்கினாள். ஒரு மாதம் அலைந்து ஓர் இடம் பிடித்தாள். முதல் நாள் ஏழு மணிக்குள் வந்து கடை விரிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மீன்கூடையை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ரஹீம் பாயிடம் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. “நான் கொண்டாந்து வுடுறேன்க்கா, கவலய வுடுங்க” என்றார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த நானும் அவர்களோடு புறப்பட்டேன்.

விடிகிற நேரத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடி வந்து நின்றது. நாங்கள் ஐஸ் போட்ட கூடைகளை ஏற்றினோம். பாய் பானட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினார். மோட்டார் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றினார். அப்போதும் பிடிக்கவில்லை.

“பெட்ரோல்ல தண்ணி கலந்துடுச்சி போலருக்கு” என்று குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். கார்புரேட்டரைத் திறந்து துடைத்தார். பிளக்குகளைக் கழற்றிக் காயவைத்து மாட்டினார். பதினோரு பெண்களும் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு தடவை வண்டியைத் தள்ளினோம். ஒரு மணி நேரம் போனது. கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

“பாய், எண்ணெ வருது. நெருப்பு வருதான்னு பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் பாத்தாச்சு தங்கச்சி.”

எனக்கு மனசு கேட்கவில்லை. பிளக் ஒயரைப் பிடுங்கி அதன் நுனியை எஞ்சின்மேல் படாமல் பக்கத்தில் பிடித்தேன். அம்மா ஹேண்டிலைச் சுற்றினாள். பொறி இல்லை. நெருப்பை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் ஒயரைப் பிடித்தேன். நீலமாகப் பொறி தெறித்தது. அப்படியானால் டிஸ்ட்ரிபியூட்டர் வரைக்கும் நெருப்பு வருகிறது, அதைத் தாண்டிப் போகவில்லை. அதன் மூடியில் கை வைத்தேன்.

“அத தொடாத தங்கச்சி. டைமிங் பூடும்.”

அதற்கு முன் அவர் என்னை எதையும் தொடாதே என்று சொன்னதில்லை. இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியை எடுத்தேன். உள்ளே சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் நெருப்பைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டார், கட்டைவிரல் அளவு இருக்கும், அது இல்லை. மூடி கழலாமல் அது தானாக விழ வழியே கிடையாது.

நான் அவரைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“பாய், நீங்களா?” என்றாள்.

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்து அவரே மாட்டினார். சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“ஏறுங்கடி” என்றாள் அம்மா. அவரிடம், “வண்டிய எடுங்க” என்றாள்.

நாங்கள் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது எட்டரை ஆகிவிட்டது. எங்கள் இடத்தில் அந்த வியாபாரியின் ஆட்கள் மீனைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். “இன்னா பாய், வண்டி மக்கரா?” என்று ஒருவன் கேட்க மற்றவர்கள் சிரித்தார்கள். பாய்க்கு லோடு கொடுத்துவந்ததும் அந்த வியாபாரிதான். பெண்களை ஏற்றினால் இனி லோடு கிடையாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார் என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. நாங்கள் வெயிலில் தெருவோரம் உட்கார்ந்து, கிடைத்த விலைக்கு விற்றோம். மறுநாளிலிருந்து மீன் பழையபடி வியாபாரியிடமே போனது. அம்மா மறுபடி சிதம்பரம் பேச்சை எடுக்கவேயில்லை.

அவர் பயந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வரமுடியாது என்று முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு வண்டி பார்த்திருப்போம். பழுதைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் எங்களோடு சேர்ந்து அதைத் தேடினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வருஷம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை லோடு ஏற்ற வந்தவர், பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். இளைத்திருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. “அவ்ளோ நேரம் எங்களோட தேடுன மாதிரி நடிச்சீங்களே, ஏன் பாய்?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் சொன்னார்: “அலுத்துப்போயி ஒவ்வொருத்தரா வூட்டுக்குத் திரும்பிடுவீங்கன்னு நெனச்சேன்மா. ஒருத்தரும் போவல.”

மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினால் சங்கத்துக்காரர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அது பொய். ஆனால் எங்கள் குப்பத்துப் பெண்களைப் பற்றி அவர் சொன்னதுபோல் பெருமையாக ஒரு வார்த்தை வேறு யாரும் சொன்னதில்லை. சொன்னவர் அவர் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. “ஒருத்தரும் போவல.” அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.